வாய்க்கால் நகர்ந்த தூரம்

அத்தியாயம் 14

ஏழு பத்துக்கு வர வேண்டிய மினி பஸ் ஏழே முக்காலுக்கு வந்தது. கதவு திறந்ததும் முதலில் மஞ்சள் நிறத்தில் ஒரு மூன்றுகால் ஸ்டாண்டு வெளியே வந்தது. பிறகு ஒரு பெட்டி. இரண்டையும் சாலையோரம் வைத்துவிட்டுக் கடைசியாக ரைசா எகோரொவ்னா இறங்கினார்.

அறுபத்துமூன்று வயது. ஆண்கள் போடுகிற ரப்பர் பூட்ஸ். காரகோல் நகரத்தில் அரசு முத்திரை உள்ள நில அளவையாளர்கள் மூன்று பேர். அவர்களில் சொன்ன நாளில் வருகிறவர் இவர் ஒருவர்தான் என்று சைகால் கேள்விப்பட்டிருந்தாள்.

"நீதான் சைகாலா?"

"ஆமாங்க."

"பெட்டியை நீ எடுத்துக்க. ஸ்டாண்டை நான் யார்கிட்டயும் குடுக்கறதில்ல."

பெட்டி கனத்தது. சைகால் அதை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் ஒரு நாள் லீவு சொல்லியிருந்தாள். இரண்டாவது நாள் கேட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

"உன் புருஷனோட அண்ணன் நேத்து போன் பண்ணார். கார்ல கூட்டிட்டு வர்றேன்னார்."

"டாக்ஸி ஓட்டறார். சும்மாதான் வர்றார், ஏறியிருக்கலாமே."

"நிலத்துக்காரங்க கார்ல நான் ஏறுறதில்ல. நாளைக்குப் பக்கத்து நிலத்துக்காரன் கோர்ட்டுக்குப் போனா முதல்ல அதைத்தான் சொல்வான்."

"இங்க கோர்ட்டுக்கெல்லாம் யாரும் போக மாட்டாங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் ரைசா எகோரொவ்னா.

கீழே ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. அக்டோபர் பாதி. மரங்களில் பாதி இலை இல்லை.

போன வாரம் வரை நடந்தது இவ்வளவு. ஜனவரியில் மாமனார் போனார். அதற்கு இரண்டு வருடம் முன்பே சைகாலின் கணவன், கடைசி மகன் தாலாந்தும் இறந்துவிட்டிருந்தான். வீடு கடைசி மகனுக்கு என்பது இந்தப் பக்கத்து வழக்கம். கடைசி மகனும் இல்லாத வீட்டில் அவன் மனைவிக்கு என்ன என்று வழக்கம் சொல்லவில்லை. மூன்று வாரம் பேசி, ஒரு தடவை யாரும் யாரோடும் பேசாமல் இருந்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீடும் மேல் பாதியும் சைகாலுக்கு. ஏரியைப் பார்த்த கீழ்ப் பாதி மூத்தவர் கெனெஷுக்கு. அவர் அதை விற்கப் போகிறார். வாங்குகிறவர் தலைநகரத்து ஆள். முத்திரை வைத்த வரைபடத்தை வெள்ளிக்கிழமைக்குள் காட்டச் சொல்லியிருக்கிறார். இன்று செவ்வாய்.

பிரிக்க வேண்டும் என்றால் அளக்க வேண்டும். முதலில் கெனெஷின் தூரத்து உறவு சாபிர் வந்தான். டேப் வைத்து அளந்தான். நாலாயிரம் சோம் வாங்கிக்கொண்டான். ஆட்டுத் தோள் கறியும் சாப்பிட்டான். அவன் கொடுத்த தாளைப் பதிவு அலுவலகத்து ஜன்னலில் நீட்டியபோது உள்ளே இருந்த பெண் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முத்திரை எங்கே என்றாள்.

அப்புறம்தான் ரைசா எகோரொவ்னா. பதினெட்டாயிரம்.

*

கெனெஷும் அவர் மனைவி பெர்மெத்தும் ஏற்கெனவே வந்து தேநீரின் முன் உட்கார்ந்திருந்தார்கள். கெனெஷ் முதுகுக்குத் தலையணை வைத்திருந்தார். போன வருடம் இடுப்பில் ஆபரேஷன். அதற்குப் பிறகும் நாளைக்குப் பத்து மணி நேரம் கார் ஓட்டுகிறார். நிலம் விற்ற பணத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடை. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. பெர்மெத்தான் பேசுவாள்.

ரைசா எகோரொவ்னா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு தாள்களை விரித்தார்.

"பதினெட்டாயிரம்னு சைகால் சொன்னா," என்றார் கெனெஷ். "காதுல சரியா விழலையோன்னு நினைச்சேன்."

"சரியாத்தான் விழுந்திருக்கு."

"மொத்த நிலத்தையும் சுத்தி வந்தாக்கூட அரை மணி நேரம் ஆகாது. நீங்க நடக்கற நடைக்குப் பதினெட்டாயிரமா?"

"நடக்கறதுக்கு நான் காசு வாங்கறதில்ல."

"அப்ப எதுக்கு?"

"பழைய தாளை ஆவண அறையில தேட ரெண்டு நாள். எலி தின்னது போக மிச்சத்தை வச்சுக் கணக்குப் போட ஒரு நாள். இங்க இன்னைக்கு. அப்புறம் வரையறதுக்கு ரெண்டு நாள். ஒரே நிலமா இருந்தா மூலை நாலு. ரெண்டாப் பிரிக்கறதால ஆறு. ஆறு மூலைக்கும் சாகற வரைக்கும் நான் பதில் சொல்லணும்."

"செத்த பிறகு?" என்றாள் பெர்மெத்.

"என் முத்திரையை உடைச்சிடுவாங்க. அப்புறம் நீங்க என்ன வேணாலும் பண்ணிக்கலாம்."

பெர்மெத் சிரித்துவிட்டாள். கெனெஷ் சிரிக்கவில்லை.

"சாபிர் நாலாயிரத்துக்கு அளந்தான்."

"அளந்தார், சரி. அந்தத் தாள் எங்க?"

கெனெஷ் தேநீரை எடுத்துக் குடித்தார்.

"அடுப்புல போட்டுட்டேன்," என்றாள் சைகால்.

"நல்லா எரிஞ்சதா?"

"ரொட்டி நல்லா வந்துச்சு."

ஆளுக்குப் பாதி என்று முன்பே பேச்சு. சைகால் தன் ஒன்பதாயிரத்தை எண்ணி வைத்தாள். ஜூலையில் உலர்த்திய ஆப்ரிகாட் கடைசி மூட்டை விற்ற பணம் அது. கெனெஷ் ஐந்து வைத்தார். மீதி வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டுத் தோட்டத்தைப் பார்க்க வெளியே போனார். ரைசா எகோரொவ்னா இரண்டையும் எண்ணாமல் பையில் போட்டார்.

"பதிவு அலுவலகத்துக் கட்டணம் தனி. அது என் கைக்கு வர்றதில்ல. அப்புறம் கோபிச்சுக்காதீங்க." பேனாவை எடுத்தார். "சிவப்புப் புத்தகத்துல இருக்கற பேர்?"

நிலப் பத்திரத்தை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், அதன் அட்டையை வைத்து. அதில் இருப்பது மாமனார் பெயர். சைகால் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தொரு வருடம். ஒரு தடவையும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. மருமகள்கள் சொல்வதில்லை. அவள் அடுப்பைப் பார்த்தாள். பெர்மெத்தும் மருமகள்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷமா இதே கதை," என்றார் ரைசா எகோரொவ்னா. "எந்த வீட்டுலயும் பேரைக் கேட்டா பொம்பளைங்க சுவத்தைப் பாக்கறீங்க. இந்தா, எழுதிக் குடு."

சைகால் எழுதினாள். தோக்தோசுன். எழுதுவதற்குத் தடை எதுவும் இல்லை.

*

நிலம் நீளவாக்கில் சாலையிலிருந்து ஏரிப் பக்கம் சரிந்து போகிறது. மேற்கே கல் சுவர். கிழக்கே வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பெய்ஷெனின் நிலம்.

மேல் பாதியில், வாய்க்காலின் இந்தக் கரையில் பதினோரு ஆப்ரிகாட் மரங்கள் வரிசையாக நின்றன. தாலாந்த் நட்டது. ஒன்பது வருட மரங்கள். தோட்டத்தில் வேறு மரங்களும் உண்டு. அவை கிழடு. காய்ப்பது இந்தப் பதினொன்றுதான். மகள் மேரிம் காரகோலில் நர்சுக்குப் படிக்கிறாள். ஒரு வருடப் படிப்பும் விடுதியும் இந்த மரங்களின் உலர்ந்த பழத்தில் நடக்கிறது. பள்ளிக்கூடச் சம்பளம் மாவுக்கும் நிலக்கரிக்கும் சரியாக இருக்கிறது.

ரைசா எகோரொவ்னா ஸ்டாண்டை ஊன்றிக் கருவியை மாட்டினார். கெனெஷ் அளவுக் குச்சியைப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை போனார். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"நேரா பிடிங்க."

"நேராத்தான் பிடிக்கறேன்."

"குச்சி நேரா இருக்கு. நீங்கதான் சாய்ஞ்சிருக்கீங்க. நீங்க விழுந்தா குச்சியும் விழும்."

பெர்மெத் குச்சியை வாங்கிக்கொண்டாள்.

பதினொன்றரை மணிக்கு ரைசா எகோரொவ்னா ஒரு கல்லில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இங்கே நிலத்தைச் சோத்காவில்தான் சொல்வார்கள், ஒரு சோத்கா நூறு சதுர மீட்டர்.

"புத்தகத்துல நாப்பது சோத்கா. சுவத்துலேர்ந்து வாய்க்கால் வரைக்கும் இப்ப அளந்தா நாப்பத்து மூணு புள்ளி ஏழு."

கெனெஷ் நிமிர்ந்தார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"கூடவா இருக்கு?"

"மூணே முக்கால் சோத்கா."

"பாத்தியா," என்று அவர் பெர்மெத்தைப் பார்த்தார். "எங்க அப்பா சொல்லிட்டே இருப்பார், நம்ம நிலம் புத்தகத்தைவிடப் பெருசுன்னு."

"உங்கப்பா வாங்குன சம்பளம்கூடப் பெருசுன்னுதான் சொல்வார்," என்றாள் பெர்மெத். ஆனால் அவளும் மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தாள். கீழ்ப் பாதியில் ஒரு சோத்கா என்ன விலை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நிலம் வளராது," என்றார் ரைசா எகோரொவ்னா. "சைகால், ஒரு மண்வெட்டி கொண்டா."

*

பழைய தாளில் கிழக்கு எல்லையில் ஓர் இரும்புக் குழாய் குறித்திருந்தது. கூட்டுப்பண்ணையைப் பிரித்தபோது ஊன்றியது. ரைசா எகோரொவ்னா கருவியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வாய்க்காலுக்கு நாலு எட்டு முன்பாகவே நின்றார். மரவரிசைக்கு வீட்டுப் பக்கம். மரத்திலிருந்து ஓர் எட்டு.

"இங்க வெட்டு."

"இங்கயா? வாய்க்கால் அங்க இருக்கு."

"தெரியுது. வெட்டு."

சைகால் வெட்டினாள். மண் கறுப்பாக, பொடிப்பொடியாக வந்தது. கல் இல்லை. இந்த ஊரில் கல் இல்லாத மண் ஒன்றுதான் உண்டு, வாய்க்காலில் வாரிய வண்டல். அது படிவு படிவாக இருந்தது. ஒரு விரல் கறுப்பு, நடுவில் ஒரு கோடு மணல், மறுபடியும் கறுப்பு. ஒவ்வொன்றும் ஒரு ஏப்ரல். எந்தப் படிவு எந்த வருடத்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் போட்ட கை அவளுடையதுதான்.

முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி இரும்பில் பட்டது.

மற்ற மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். துருப்பிடித்த குழாய். வாயில் மண் அடைத்திருந்தது. ரைசா எகோரொவ்னா குச்சியை அதன் தலையில் வைத்து ஓர் எண்ணை எழுதிக்கொண்டார்.

"வாய்க்காலை யார் வாருறது?"

"ஏப்ரல்ல தெருவே சேர்ந்து வாரும்," என்றாள் சைகால். "அவங்கவங்க நிலத்தோரம் அவங்கவங்க."

"இந்தப் பக்கம் நீங்க. அந்தப் பக்கம்?"

"பெய்ஷென் அண்ணே. அவர் ரஷ்யாவுக்குப் போயிட்டார். பதினஞ்சு வருஷம். ஜூன்லதான் வந்தார்."

"அப்ப அவர் பங்கு?"

"நாங்கதான் வாருனோம். வாரலைன்னா தண்ணி வராதே. தாலாந்த் ஏப்ரல்ல லாரியோட போயிடுவார். நான்தான்."

"சேறை எந்தப் பக்கம் போட்ட?"

சைகால் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினாள். அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது.

அடுத்தவர் நிலத்தில் சேறு கொட்டக் கூடாது. அது மரியாதை இல்லை. ஆளில்லாத நிலம் என்றால் இன்னும் கூடாது. அதனால் அவள் எல்லாவற்றையும் தன் பக்கமே வாரிப் போட்டாள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் போட்டால் வாய்க்கால் நடுவில் நிற்கும். ஒருத்தி ஒரு பக்கமே போட்டால் அந்தக் கரை வளரும். எதிர்க்கரை கரைந்து கொடுக்கும். அடுத்த ஏப்ரலில் எதிர்க்கரையின் இளகிய மண்ணில்தான் மண்வெட்டி சுலபமாக இறங்கும்.

"என் பக்கம்தான் போட்டேன்," என்றாள்.

"வருஷத்துக்கு ஒரு சாண்," என்றார் ரைசா எகோரொவ்னா. "பதினஞ்சு சாண். சரியா வருது."

கெனெஷ் குழியையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அந்த மூணே முக்கால் சோத்கா?"

"பெய்ஷெனோடது."

"மரம்?" என்று கேட்டாள் சைகால்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குது. பதினொண்ணும்."

*

ரைசா எகோரொவ்னா கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கெனெஷ் கொட்டகைக்குப் பின்னால் சைகாலைக் கூப்பிட்டார். பெர்மெத்தும் வந்தாள்.

"உக்காரு," என்றார் கெனெஷ்.

"நிக்கறேன் அத்தான்."

"அந்தம்மா ரெண்டு விதமா வரையலாம்னு சொல்றாங்க. புத்தகப்படி போனா உன் மரம் போச்சு. எனக்கு ரெண்டு சோத்கா போச்சு. அது ஒண்ணு. வாய்க்காலே எல்லைன்னு பெய்ஷென் கையெழுத்துப் போட்டா அதுதான் எல்லை. அவன் புத்தகத்துல கழிச்சு நம்ம புத்தகத்துல கூட்டுவாங்க. அதுக்கு இன்னும் நாலாயிரம் கேக்கறாங்க. நாலையும் நான் குடுக்கறேன்."

"வெள்ளிக்கிழமையா?"

பெர்மெத் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கெனெஷ் கண்டுகொள்ளவில்லை.

"அவர்கிட்ட என்ன சொல்றது?" என்றாள் சைகால்.

"என்ன சொல்றது. எல்லை வாய்க்கால். எப்பவும் வாய்க்கால்தான் எல்லை. இதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா?"

"குழாய் இருக்கே."

"குழாயை யார் பாத்தா? நாம நாலு பேர்."

"அத்தான்."

"நான் திருடச் சொல்லல சைகால்." குரல் தணிந்துவிட்டது. "எனக்கு முடியல. காலையில கார்ல ஏறுறதுக்கு இவ என்னைத் தள்ளிவிட வேண்டியிருக்கு. ரெண்டு சோத்கா இருந்தாத்தான் கடைக்கு அட்வான்ஸ் சேரும். இல்லன்னா இன்னும் நாலு வருஷம் ஓட்டணும்."

பெர்மெத் சைகாலின் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"நீ பதினஞ்சு வருஷம் அந்த ஆளோட பங்கையும் வாரியிருக்க. ஒரு நாள் கூலி கேட்டிருக்கியா?"

"இல்ல அக்கா."

"அவர் ஒரு தடவை மாஸ்கோவுலேர்ந்து ஒரு சாக்லேட் அனுப்புனாரா?"

"அனுப்பல."

"மரம் அவர் வச்சாரா? தண்ணி விட்டாரா? பனியில நெருப்பு மூட்டி ராத்திரியெல்லாம் பூவைக் காப்பாத்துனது யாரு? கூலின்னு நினைச்சுக்க. உனக்காகச் சொல்லல. மேரிமுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

சைகால் கொட்டகைச் சுவரில் சாய்ந்தாள். அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. முதலில் சொன்னபோதே உட்கார்ந்திருக்கலாம்.

கெனெஷ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். குழியை மூடும் சத்தம் கேட்டது. நாலு தடவை அள்ளிப் போட்டார், நின்றார், மறுபடியும் நாலு தடவை. யாரும் போய் அவரிடமிருந்து வாங்கவில்லை.

*

சைகால் கூடத்துக்குப் போனாள். ரைசா எகோரொவ்னா பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை அடுப்புப் பக்கம் நீட்டியிருந்தார். கம்பளிக் காலுறையில் ஓட்டை.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு. கேள்விக்குத் தனிக் காசு இல்ல."

"இதை நிறுத்திட்டா என்ன ஆகும்? வரையவே வேணாம்னா?"

"இன்னைக்கு வரைக்கும் ஆன வேலைக்குப் பன்னெண்டாயிரம். மீதியைத் திருப்பிக் குடுத்துருவேன். நிலம் ஒண்ணாவே இருக்கும், செத்தவர் பேர்ல. உன் அத்தான் விக்க முடியாது. உனக்கும் வீடு உன் பேருக்கு வராது. நாளைக்கு அவர் பையன்களுக்குக் கல்யாணம் ஆகும். இந்த வீட்டுக்கு ஒரு மருமக வருவா. அப்ப நீ எங்க போவ?"

சைகால் அந்த வீட்டின் கூரையைப் பார்த்தாள். இரண்டு வருடமாக ஒழுகுகிற இடம் ஒன்று இருந்தது. தன் பேருக்கு வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

"பெய்ஷென் அண்ணன்கிட்ட குழாயைப் பத்திச் சொல்லாமலே கையெழுத்து வாங்கினா?"

"நான் தாளை அவர் முன்னாடி வைப்பேன். வாசிச்சுக் காட்டுவேன். 'எல்லை வாய்க்கால் வழியாக'ன்னு எழுதியிருந்தா அதைத்தான் வாசிப்பேன். கீழ எண் எல்லாம் இருக்கும். அந்த எண்ணைப் படிச்சவங்களை என் வாழ்நாள்ல நாலு பேரைத்தான் பாத்திருக்கேன்."

"அவர் உங்களைக் கேட்டா?"

"என்னைக் கேட்டா சொல்வேன். குழாய் எங்க இருக்குன்னும் காட்டுவேன்." காலுறையின் ஓட்டையை விரலுக்கு அடியில் இழுத்துவிட்டுக்கொண்டார். "கேக்காம விட்டாலும் அந்தக் கையெழுத்து ஆடிட்டேதான் இருக்கும். அவருக்கு ஒரு மகன் இருக்கான், ரஷ்யாவுல. என்னைக்காவது வந்து பழைய தாளைத் தேடினா, கேஸ் வரும். என்னையும் கூப்பிடுவாங்க. போய் நிப்பேன். பதினெட்டாயிரத்துல அதுவும் சேர்த்திதான்."

"நான் சொன்ன பிறகு, மரமெல்லாம் தனக்குத்தான்னு அவர் சொல்லிட்டா?"

"சொல்லலாம். அவர் நல்ல மனுஷனா?"

சைகால் யோசித்தாள். "ஊருக்கு வந்தப்ப கையில ஒண்ணும் இல்லாம வந்தார். பொண்டாட்டி அங்கயே இறந்துட்டா. வீட்டுக்கு இன்னும் ஒரு ஜன்னல் இல்ல, பிளாஸ்டிக் ஒட்டியிருக்கார்."

"நான் அதைக் கேக்கல."

"தெரியலைங்க. பதினஞ்சு வருஷம் இங்க இல்லையே."

ரைசா எகோரொவ்னா பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

"நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். ஆறு மணி பஸ்ஸை விட்டா எனக்கு இங்கதான் படுக்கை. எந்தத் தாள்னு அவர் வர்றதுக்குள்ள சொல்லு."

சைகால் கையைத் துடைத்துக்கொண்டாள். போனில் மேரிமிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன. அவள் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஏதாவது கேட்பாள்.

வெளியே கெனெஷ் ஒரு சாக்கை எடுத்து, மூடிய குழியின் மேல் விரித்து, அதன்மேல் காய்ந்த கிளைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவளைப் பார்த்தார்.

"வாய்க்கால்தானே?" என்றார்.

அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கெனெஷ் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டார். உள்ளே போய் ரைசா எகோரொவ்னாவிடம் வாய்க்கால் தாள் என்றார். சைகாலுக்கு அது கேட்டது. அவள் போய் மறுக்கவும் இல்லை.

*

பெய்ஷென் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்தார். ரஷ்யக் கட்டட வேலைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிறச் சட்டை. பாஸ்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வாய்க்காலைத் தாண்டும்போது ஒரு கையால் ஆப்ரிகாட் கிளையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கீங்களா எல்லாரும்? கெனெஷ், இடுப்பு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"எனக்கு முழங்கால். ஒரு நல்ல மனுஷனைப் பிடிச்சு நம்ம ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணாப் பண்ணச் சொல்லலாம்."

தோட்டத்திலேயே ஒரு பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கியிருந்தார்கள். பெர்மெத் தேநீர் ஊற்றி இரண்டு கையாலும் கொடுத்தாள். பெய்ஷென் மரங்களை அண்ணாந்து பார்த்தார்.

"தாலாந்த் வச்சதா?"

"ஆமா அண்ணே," என்றாள் சைகால்.

"நல்ல கை. நானும் கரையோரமா நாலு வைக்கலாம்னு பாக்கறேன். இடம்தான் பத்தல." ஒரு வாய் குடித்தார். "எங்கப்பா இருந்தப்ப வீட்டுச் சுவத்துலேர்ந்து தண்ணி வரைக்கும் பதினெட்டு எட்டு. இப்ப பதினாலாவது எட்டுலயே வாய்க்கால் வந்துருது. வயசானா எட்டு சின்னதாகும்பாங்க. எனக்குப் பெருசாகுது போல."

கெனெஷ் இருமினார்.

"நேரமாச்சு," என்றார் ரைசா எகோரொவ்னா. தாளை எடுத்து வாசித்தார். பெயர்கள். தெரு. "கிழக்கு எல்லை, தற்போதுள்ள வாய்க்கால் வழியாக. இரு தரப்புக்கும் ஆட்சேபம் இல்லை." கீழே இருந்த எண்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார், அவசரமில்லாமல். வாசித்து முடித்ததும் தாளைப் பெய்ஷென் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவை அதன் மேல் வைத்தார். பிறகு நிமிர்ந்து ஏரியைப் பார்த்தார்.

"எங்க போடணும்?"

"இங்க," என்று கெனெஷ் விரலால் காட்டினார். "எப்பவும் இருக்கற எல்லைதான். வாய்க்கால்."

பெய்ஷென் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மூடியை எங்கே வைப்பது என்று தேடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உனக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லல," என்றார் சைகாலைப் பார்த்து. "என் பங்கையும் நீயே வாரினியாம். தெருவுல எல்லாரும் சொல்றாங்க. ஒரு வருஷம் விட்டிருந்தாலும் தண்ணி நின்னு என் நிலம் கட்டாந்தரையா ஆகியிருக்கும். வர்ற ஏப்ரல் உன் பங்கையும் நான் வாருறேன்."

"வேணாம் அண்ணே."

"வேணாம்னு சொல்லாத. முழங்கால் இருக்கற வரைக்கும்."

பெர்மெத் தேநீர்க் கெட்டிலை எடுத்துக்கொண்டு, ஊற்றுவதற்கு ஏதுமில்லாமல் நின்றாள். பெய்ஷென் குனிந்து பேனா முனையைத் தாளில் வைத்தார். வைத்தவர் எழுதவில்லை. தாளைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். அதில் இப்போது தண்ணீர் இல்லை. அக்டோபரில் அடைத்துவிடுவார்கள்.

"பொறு," என்றார். "கெனெஷ், நீ டவுன்காரன், உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் ஊர்லயே இல்ல."

அவர் சைகால் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. ஒரு கணக்கு சரியாக வராதவரின் முகம் மட்டும்தான்.

"நீ சொல்லும்மா. பதினஞ்சு வருஷமா இதை வாரினது நீதான். இது பழைய இடத்துலதான் ஓடுதா?"